நடந்து வந்த விசுவாசம்



நம் அடி அண்ணாமலை நடப்பவர்களின் ஊர். மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் பாதையில், நகரத்திலிருந்து பார்த்தால் மலையின் மறுபுறத்தில், நாம் குடியிருக்கிறோம். பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத் திருநாளன்றும் நம் ஊர் வழியே செல்லும் எண்ணற்ற கால்களை நம் பிள்ளைகள் சிறு வயது முதலே பார்த்து வளர்கிறார்கள். கிழவரும் குமரரும், செருப்பில்லாதவரும் தடி ஊன்றியவரும், கணவனும் மனைவியும், நண்பர் கூட்டங்களும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிற காலத்தில் ஏன் நடக்கிறார்கள் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. கடவுளைத் தேடுகிறவன் நடப்பான் என்பது இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடைப்பயணம் என்னும் நீண்ட மரபு ஒன்று உண்டு. நம் தமிழகத்துக் கிறிஸ்தவ வரலாறே பெரும்பாலும் கால்களால் எழுதப்பட்டது. ஒவ்வோர் ஆவணி மாதத்திலும் காவியுடை தரித்து, ஜெபமாலை அணிந்து, வேளாங்கண்ணியை நோக்கி நடக்கும் நண்பர் குழுக்கள் அந்த மரபின் இன்றைய வாரிசுகள். நம் பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும்.

யூபிலி என்றாலே பயணம்

யூபிலி என்ற சொல் எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பை ஊதி நாடெங்கும் விடுதலை அறிவிக்கவேண்டும் என்பது லேவியர் ஆகமத்தின் கட்டளை. அந்த ஆண்டில் ஒவ்வொருவரும் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்பிச் செல்லவேண்டும். கடனுக்காக அடிமையானவன் வீடு திரும்புவான். வறுமையால் நிலத்தை விற்றவன் அதைத் திரும்பப் பெறுவான். ஆகவே யூபிலி ஆண்டு முதலாவதாக ஒரு திரும்பி வரும் பயணம். பிரிந்து போனவர்கள் வந்து சேர்வதே அதன் உட்பொருள்.

திருச்சபையின் முதல் யூபிலி ஆண்டை 1300-ஆம் ஆண்டில் எட்டாம் போனிப்பாஸ் பாப்பரசர் அறிவித்தார். உரோமையில் வாழ்வோர் முப்பது நாட்களும், வெளியூரிலிருந்து வருவோர் பதினைந்து நாட்களும் புனித இராயப்பர், புனித சின்னப்பர் பேராலயங்களைச் சந்திக்கவேண்டும் என்பது நிபந்தனை. வெளியூர்க்காரருக்கு ஏன் பாதி? அவர்கள் நடந்து வந்த தூரமே ஒரு காணிக்கையாகக் கருதப்பட்டது போலும்! பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றும், 1470-இல் இரண்டாம் பவுல் பாப்பரசரால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றும் இவ்வழக்கம் அமைந்தது. ஸ்பெயின் நாட்டில் புனித யாகப்பரின் கல்லறை இருப்பதாகப் போற்றப்படும் சந்தியாகு நகருக்குப் பிரான்சு எல்லையிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் இன்றும் நடந்து செல்கிறார்கள். குறைந்தது 100 கிலோமீட்டராவது காலால் நடந்தவர்களுக்கு அங்கே நடைச் சான்றிதழ் தரப்படுகிறது.

வேதம் காட்டும் இரண்டு நடைகள்

நண்பர்களின் நடைப்பயணத்துக்குப் புதிய ஏற்பாட்டில் இரண்டு நிகழ்ச்சிகள் இலக்கணமாக இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர் புனித லூக்காஸ்.

முதலாவது, பாஸ்காத் திருவிழாவுக்காக நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நடந்த பயணம். திருவிழா முடிந்து கூட்டம் ஊர் திரும்பியது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசு உறவினரோடும் அறிமுகமானவரோடும் வருவதாக எண்ணி மரியாளும் சூசையப்பரும் ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். பிறகுதான் ஒருவர் குறைவது தெரிந்தது. மறுபடி எருசலேமுக்குத் திரும்பித் தேடி, மூன்றாம் நாளில் கண்டார்கள். எண்ணிப் பாருங்கள்! திருக்குடும்பமே இருந்த கூட்டத்தில்கூட ஒருவர் விடுபட்டது ஒருநாள் முழுதும் தெரியாமல் போயிற்று. கூட்டமாய் நடப்பதால் மட்டும் கூட்டுறவு வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

இரண்டாவது, உயிர்ப்பு நாளில் எம்மாவுஸ் என்ற ஊருக்கு நடந்த இரு சீடர்களின் பயணம். தூரம் அறுபது ஸ்தாதியம், ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நம் மலையைச் சுற்றும் பாதையைவிடச் சற்றுக் குறைவு. துயரத்தோடு பேசிக்கொண்டே நடந்தவர்களோடு மூன்றாமவராக ஆண்டவர் சேர்ந்துகொண்டார். அவர்கள் வழியில் அவரை அறியவில்லை; பந்தியில் அப்பத்தைப் பிட்கையில்தான் அறிந்தார்கள். அத்தோடு அவர்களின் பயணம் முடிந்ததா? இல்லை. அந்நேரமே எழுந்து, வந்த வழியே எருசலேமுக்கு நடந்து, மற்றச் சீடர்களோடு சேர்ந்தார்கள். ஊரை அடைந்தபோது முடியாத பயணம், சகோதரர்களை அடைந்தபோது முடிந்தது.

இவ்விரண்டு நடைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் தமிழகத்துக்கு வருவோம்.

சவேரியாரும் அருளானந்தரும்

1545-ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்குக் கப்பலேறினார். எதிர்க்காற்று வீசியதால் கப்பல் முன்னேற முடியாமல் திரும்பியது. புனிதர் தயங்கவில்லை, தரைவழியே நடந்து மயிலையை அடைந்தார். அங்கே புனித தோமையாரின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கி, தமக்கு இறைவன் காட்டும் வழி எது என்று செபித்து, அதன்பின் மலாக்காவுக்குப் புறப்பட்டார். மயிலையில் அவரைச் சந்தித்த போர்த்துகீசிய வணிகர் ஒருவர் தம் உடைமைகளைத் துறந்து அவருக்குத் துணையாகச் சென்றார். இன்று சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வேளாங்கண்ணி செல்லும் பக்தர்கள், சவேரியார் வடக்கு நோக்கி நடந்த அதே கரையோர நாட்டில் தெற்கு நோக்கி நடக்கிறார்கள். எதிரெதிர்த் திசை, ஒரே விசுவாசம்.

நமக்கு இன்னும் அருகே வருவோம். 1674-இல் புனித அருளானந்தர் மேற்குக் கரையிலிருந்து ஆந்திரே பிரெய்ர் என்ற மூத்த சேசுசபைக் குருவுடன் புறப்பட்டார். இருவரும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, சத்தியமங்கலம் வழியாகத் தமிழ்நாட்டின் குறுக்கே நடந்து, செஞ்சி நாட்டு மறைத்தளத்தை அடைந்தார்கள். செஞ்சி நமக்குத் தொலைவான ஊர் அன்று. காலையில் பஸ் ஏறினால் சந்தை முடித்து மதியத்துக்குள் திரும்பிவிடலாம். காவியுடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழ்நாட்டுத் துறவியரைப் போலவே வாழ்ந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வாளுக்கு இரையாகி இரத்தசாட்சியானார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. இன்று வேளாங்கண்ணி நடைப்பயணிகள் அணியும் காவியைப் பார்க்கும்போது அந்தக் காவி நினைவுக்கு வராமல் போகாது.

வேளாங்கண்ணி நோக்கி

வேளாங்கண்ணி வரலாற்றில் அன்னையின் காட்சி பெற்றவர்களாகப் போற்றப்படுவோர் மூவகையினர். பால் கொண்டு சென்ற ஆயர்குலச் சிறுவன் ஒருவன். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் ஒருவன். புயலில் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள். மூவகையினருமே வழிநடந்தவர்கள் அல்லது வழிதேடியவர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். நடக்கவே முடியாதிருந்த அந்த மோர்க்காரச் சிறுவன், அன்னையின் செய்தியை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு எழுந்து ஓடினான் என்பது மரபு. அப்படியானால் வேளாங்கண்ணியின் முதல் நடைப்பயணி அவனே!

நாகப்பட்டினத்தைச் சார்ந்திருந்த வேளாங்கண்ணி 1771-இல் தனிப் பங்காயிற்று. 1952-ஆம் ஆண்டில் தஞ்சை மறைமாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. நம் வேலூர் மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். 1962 நவம்பர் 3-ஆம் நாள் இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசர் அவ்வாலயத்தைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 7 மாலையில் பெரிய தேர்ப்பவனி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா என்பது ஆண்டுதோறும் மாறாத ஒழுங்கு. 2010-இல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரை இரயிலும் வந்துவிட்டது. இருந்தும் நடப்பவர்கள் நிற்கவில்லை.

ஏன் நடக்கிறார்கள்? ஏழையிடம் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. அவன் யாரிடமும் கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய காணிக்கை அவனுடைய கால்களே. குழந்தை பிழைத்தால் நடந்து வருகிறேன், மகளுக்குக் கலியாணம் கூடினால் நடந்து வருகிறேன், குடியை விட்டால் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொள்கிறார்கள். நேர்த்தி ஒருவருடையது. ஆனால் நடப்பது ஒருவராக அல்ல. நேர்ந்தவரோடு நண்பர்களும் கிளம்புகிறார்கள். தமக்கென்று எந்த வேண்டுதலும் இல்லாமல், தோழனுக்காக மட்டுமே அத்தனை தூரமும் நடப்பவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பர். அவர்களே இந்த மரபின் அழகு.

நம் பக்கத்திலிருந்து ஒரு வழி

திருவண்ணாமலையிலிருந்து வேட்டவலம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து நாள் நடை. வழியில் தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், அரசலாறு என ஆறுகளைத் தாண்டவேண்டும். 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட நம் சாத்தனூர் அணையில் தேங்கும் அதே தென்பெண்ணைதான் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. நம் மாவட்டத்துத் தண்ணீரும் நம்மோடு கடற்கரை வரை நடந்து வருகிறது என்று சொல்லலாம். மணிலாக் கொல்லையும் மேட்டு நிலமும் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு, கொள்ளிடம் தாண்டியதும் விரியும் காவிரிப் படுகையின் பச்சை நெல்வயல்கள் புதிய உலகமாகத் தோன்றும்.

அந்த வழியை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். நடராசர் கோயில் கொண்ட சிதம்பரம்; 1706-இல் லுத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி; ஆண்டவர் தர்கா அமைந்த நாகூர்; அதன்பின் அன்னையின் வேளாங்கண்ணி. பல சமயத்தார் வாழும் ஊர்களின் ஊடே, அவர்கள் கொடுக்கும் மோரையும் தண்ணீரையும் குடித்துக்கொண்டுதான் நம் மக்கள் மாதாவிடம் போகிறார்கள். மலை சுற்றும் பக்தர் ஒருவர் நம் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கும்போது, நமக்கு வழியில் தண்ணீர் தந்த கைகளை நினைத்துக்கொள்ளவேண்டும்.

நடைப்பயணத்தின் ஒழுங்கும் அறியத்தக்கது. மாதாவின் சுரூபம் வைத்த சிறு சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள். வெயிலுக்குப் பயந்து அதிகாலையிலும் மாலையிலும் நடந்து, நண்பகலில் மரத்தடியிலோ கோயில் வளாகத்திலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ ஓய்வார்கள். முதல் இரண்டு நாள் பாட்டும் சிரிப்புமாகப் போகும். மூன்றாம் நாள் பாதத்தில் கொப்புளம் கிளம்பும். நான்காம் நாள் மனத்தில் கிளம்பும்! வேகமாக நடப்பவருக்கு மெதுவாக நடப்பவர்மேல் எரிச்சல். மெதுவாக நடப்பவருக்கு முன்னே போனவர்மேல் வருத்தம். வீட்டில் மறைத்து வைத்த குணமெல்லாம் சாலையில் வெளிவரும். அங்கேதான் உண்மையான தவம் தொடங்குகிறது. ஒருவர் காலுக்கு மற்றவர் எண்ணெய் தடவிவிடுகிறார். ஒருவர் மூட்டையை மற்றவர் சுமக்கிறார். பெரிய வியாழனன்று பீடத்தின் முன் ஆண்டுக்கு ஒருமுறை நாம் காணும் பாதம் கழுவும் சடங்கு, அந்தச் சாலையோரத்தில் தினந்தோறும் நடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இன்றைய நெடுஞ்சாலை அன்றைய வண்டிப்பாதை அல்ல. இரவில் சாலையோரம் நடந்த பக்தர்கள்மேல் வாகனம் மோதி உயிர்கள் பலியான செய்திகளை நாம் படித்திருக்கிறோம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக நடப்பதும், இருட்டில் ஒளிவீசும் பட்டை அணிவதும், சாலையில் படுக்காமலிருப்பதும் பக்திக்குக் குறைவல்ல. உயிரைக் காப்பதும் ஐந்தாம் கற்பனையின் கடமையே.

பயணம் எப்போது முடிகிறது?

பத்து நாள் நடந்த குழுவுக்கு ஆலயத்தின் வெண்ணிறக் கோபுரங்கள் தூரத்தில் தெரியும்போது என்ன நிகழும்? இளங்கால்கள் ஓடத் துடிக்கும். ஆனால் பழக்கப்பட்ட குழுக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முன்னே வந்தவர்கள் ஊர் எல்லையில் நின்றுவிடுவார்கள். மூதாட்டியும், கால் வீங்கியவரும், கைக்குழந்தைக்காரியும் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். தலைகளை எண்ணிப் பார்ப்பார்கள். எல்லோரும் வந்தபின்னரே ஒன்றாகப் பாடிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். முதலில் வந்தவருக்கு அங்கே பரிசு கிடையாது. கடைசியாக வந்தவர் சேர்ந்தபோதுதான் பயணம் முடிந்ததென்று பெயர். பன்னிரண்டு வயது இயேசுவைத் தவறவிட்ட கூட்டம் செய்யத் தவறியதை இந்த எளிய மக்கள் செய்கிறார்கள்.

நம் மலையின் வரலாற்றிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. பிரான்சு நாட்டிலிருந்து வந்து தமிழகத்தில் உழைத்த மோன்சானின் சுவாமியும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான லெ சோ சுவாமியும் 1949 ஜனவரியில் ஒன்றாகத் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியைக் கண்டார்கள். மறு ஆண்டில் குளித்தலையருகே காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார்கள். இளையவரான லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்டு, 1952 முதல் பலமுறை நம் மலைக் குகைகளில் தங்கித் தவம் செய்தார். அவர் போகும் வேகமும் திசையும் மூத்தவருக்குக் கவலை தந்தன. கருத்து வேற்றுமை எழுந்தது. ஆயினும் 1957-இல் மோன்சானின் இறக்கும்வரை, ஒருவரையொருவர் கைவிட்டுச் செல்லவில்லை. பின்னர் 1964-இல் அபிஷிக்தானந்தர், பனிக்கர் என்ற மற்றொரு குருவான நண்பருடன் இமயத்துக் கங்கோத்ரிக்குத் திருப்பயணம் போனார். அங்கே கங்கைக் கரையில் இருவரும் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். அவ்வளவு தூரப் பயணத்தின் முடிவு, எம்மாவுஸ் போலவே, அப்பம் பிட்பதாக அமைந்தது.

யூபிலி பங்குக்கு ஒரு கேள்வி

நம் பங்கும் ஒரு நடைக் குழுவே. இத்தனை ஆண்டுகள் நடந்து இந்த யூபிலி எல்லையில் வந்து நிற்கிறோம். கொடியும் தோரணமும் கட்டி, பாடிக்கொண்டு உள்ளே நுழையத் தயாராகிறோம். அதற்கு முன் ஒருமுறை நின்று தலைகளை எண்ணவேண்டாமா?

பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன குடும்பங்கள் எங்கே? பங்கில் எவரோடோ மனத்தாங்கல் கொண்டு கோயில் படி ஏறாமலிருப்பவர் எங்கே? ஞாயிறு பூசைக்கு வரக் கால் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை யார் அழைத்து வருவது? விதவையென்றும், ஏழையென்றும், இன்ன சாதியென்றும் சொல்லாமல் சொல்லிப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவர்கள் நம்மில் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியுமா? வேளாங்கண்ணிச் சாலையில் ஒரே சட்டியில் கஞ்சி குடித்துவிட்டு, ஊர் திரும்பியதும் தெருவுக்குத் தெரு விலகிக்கொண்டால், நாம் நடந்த 250 கிலோமீட்டரும் வீணே. கால் நடந்தது; மனம் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் குறைகிற ஒருவரையாவது தேடிச் செல்லட்டும். அதற்கு நேர்த்தி வேண்டாம், காவி வேண்டாம், பத்து நாள் லீவும் வேண்டாம். சில வீடுகள் தள்ளி நடந்தால் போதும். சில வேளைகளில் அந்தச் சில அடிகளே வேளாங்கண்ணியைவிட நீண்ட தூரமாக இருக்கும். அன்னை அதையும் நடைப்பயணமாகவே கணக்கில் எழுதிக்கொள்வாள்.

கருத்தாங்கிய நிலையில் யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து நடந்து, எலிசபெத்தம்மாளின் வீட்டு வாசலில் நின்ற ஆரோக்கிய அன்னை, நம் மலையடிவாரத்துப் பங்கையும் கைபிடித்து நடத்துவாளாக! கடைசியாக வருபவரும் வந்து சேர்ந்தபின், நாம் எல்லோரும் ஒன்றாக ஆண்டவரின் பந்தியில் அமர அவள் பரிந்து பேசுவாளாக!